சொட்டாத தொட்டி

பெண்டாட்டி கையில் கடிகாரத்தைக் கொடுத்தது தன் தப்புதான் என்று பெரிய மாப்பிள்ளை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நினைத்துக்கொள்வார். வேறு யாராவது என்றால் மனுஷன் முகத்தைப் பார்த்து ஒரு இமைப்பொழுதாவது குறைத்துச் சொல்வார்கள். அவளுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. ரோட்டின் கடைசியில், சுண்ணாம்பால் போட்ட கோட்டுக்குப் பக்கத்தில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நிற்பாள். வண்டி புறப்படுகிற அந்தக் கோடியில் அவள் தங்கை கைத்துணியை இறக்கியதும் பொத்தானை அமுக்குவாள். வண்டி கோட்டைத் தாண்டியதும் இன்னொரு தடவை அமுக்குவாள். வந்ததை வந்தபடி உரக்கப் படிப்பாள். முதலில் தன் புருஷன் ஓட்டியது, பிறகு தங்கை புருஷன் ஓட்டியது. எந்த ஞாயிறும் இரண்டாவதுதான் குறைச்சலாக இருக்கும்.

"கொஞ்சம் மெதுவாப் படிச்சா உன் வாய் என்ன தேய்ஞ்சா போகும்?" என்று ஒருநாள் கேட்டுப் பார்த்தார்.

"மெதுவாப் படிச்சா நம்பர் மாறிடுமா?" என்றாள்.

அக்காவைக் கட்டியவர் அவர், தங்கையைக் கட்டியவன் சின்னவன். ஒரே வீட்டில் கீழே ஒரு குடும்பம், மேலே ஒரு குடும்பம். மாமியார் வைத்த பெரிய மாப்பிள்ளை, சின்ன மாப்பிள்ளை என்ற பெயர்தான் தெருவிலும் நிலைத்துவிட்டது. பெரியவர் கேட்டும் கிராதியும் செய்கிற பட்டறையில் வெல்டர். சின்னவன் குளிர்பதனக் கிடங்கில் பெட்டி தூக்கும் வண்டி ஓட்டுகிறவன். நாள் முழுக்க அந்தக் குட்டி வண்டியை முன்னும் பின்னும் திருப்பித் திருப்பி, முட்டைப் பெட்டிகளைக் கூரை உயரத்துக்கு அடுக்குவான். உடைந்த முட்டை என்ற பேச்சே அவன் கிடங்கில் இல்லை என்று மாமியார் அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டு திரிவாள். பெரிய மாப்பிள்ளை பற்ற வைத்த கேட்டுகள் தெருவில் பாதி வீட்டுக்கு நிற்கின்றன. அதைப் பற்றி அவள் வாயைத் திறந்ததில்லை. கேட் என்றால் நிற்கத்தானே செய்யும்.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டுகிற கார் இரண்டு பேருக்கும் பொது. காயலாங்கடையில் செத்துக் கிடந்ததை எடுத்துவந்து உயிர் கொடுத்தார்கள். இன்னொரு உடைந்த வண்டியிலிருந்து டர்போவைக் கழற்றி இதற்கு வைத்தார்கள். டர்போ என்பது ஒன்றுமில்லை, வெளியே போகிற புகையின் வேகத்திலேயே ஒரு விசிறியைச் சுற்ற வைத்து, இன்ஜின் வாயில் காற்றைத் திணிக்கிற வேலை. திணித்த காற்றுக்குத் தகுந்த எரிபொருள் வேண்டும். வெறும் பெட்ரோல் அந்த அழுத்தத்துக்குத் தாங்காமல் முன்னாலேயே வெடிக்கும், பிஸ்டன் உருகும். எத்தனால் கலந்ததை ஊற்றினால் உள்ளே குளிர்ச்சியாக எரியும், எவ்வளவு திணித்தாலும் தாங்கும். ஆனால் பெட்ரோலைவிட அதிகமாகக் குடிக்கும். அதற்காகப் பெரிய பம்பு, எண்ணெயைப் பீய்ச்சுகிற பெரிய ஊசி எல்லாம் மாற்றியாகிவிட்டது. தெருவில் வண்டிக்குக் குடிகாரி என்று பெயர் வந்தது. வாசலில் மூடியைத் திறந்தாலே இனிப்பாக ஒரு வாடை வரும். மாமியார் முதல் வாரம் இரண்டு மருமகன்களின் வாயையும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் சோறு போட்டாள்.

இன்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டருக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனார். இன்ஜினுக்குப் போகிற குழாயில் ஒரு சென்சார் இருக்கிறது. வருகிற எண்ணெயில் எத்தனால் எவ்வளவு என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். குறைந்தால் டர்போவின் அழுத்தத்தைத் தானாகவே இறக்கிவிடும். "வண்டி அடங்கிப் போகும், ஆனா பிஸ்டன் தப்பிக்கும்" என்றார். இருவரும் தலையாட்டினார்கள். ஒருவரும் அதற்குப் பிறகு அதை நினைக்கவில்லை.

பெரிய மாப்பிள்ளை தன் கையால் செய்து வைத்த உருப்படி ஒன்று வண்டியில் உண்டு. வண்டி பாய்கிறபோது டேங்கில் இருக்கிற எண்ணெய் பின்னால் ஒதுங்கிவிடும், பம்பு காற்றை உறிஞ்சும். அதற்காக டிக்கியில் இரும்பில் ஒரு சின்னத் தொட்டி. டேங்கிலிருந்து மேல்வழியாக நிரம்பும், அடியிலிருந்து இன்ஜினுக்குப் போகும். போனது திரும்பி வராது, இன்ஜின் குடித்துத்தான் தீரவேண்டும். சின்னவன் அப்போது, அடியில் ஒரு வடிகால் நட்டு வைக்கலாமே அண்ணே என்று கேட்டான். பெரியவருக்குச் சுருக்கென்றது. ஓட்டை போடத் தெரியாமலா அவர் வெல்டர் ஆனார்? ஓட்டை இல்லாமல் செய்வதில்தான் தொழில் இருக்கிறது. "நான் பத்த வெச்சதுல ஒரு சொட்டு கசிஞ்சா என் பேரை மாத்திக்கிறேன்" என்றார். கசியவும் இல்லை.

எத்தனால் காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடிக்கும், இரும்பு துருப்பிடிக்கும். தன் தொட்டி துருப்பிடிக்கக் கூடாது என்று அவர் ஒரு சட்டம் போட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் முடிந்ததும் டேங்கை வடித்துவிட்டு, வெறும் பெட்ரோல் ஊற்றித்தான் வண்டியை வீட்டுக்கு ஓட்டி வருவது. அடுத்த ஞாயிறு பெட்ரோலிலேயே போய், மூடிக் கிடக்கிற சர்க்கரை ஆலைக்குப் பின்னால் அந்த நீளமான கான்கிரீட் ரோட்டில் டேங்கை வடித்து, கேனில் கொண்டுபோன எத்தனால் கலவையை ஊற்றுவது. இன்னொரு சட்டமும் இருந்தது, அதை யாரும் போடவில்லை. பந்தியில் முதல் இலை யாருக்கோ, ஓட்டத்தில் முதல் ஓட்டமும் அவருக்கு. மூத்தவர் இருக்க இளையவன் ஏறி உட்காருவானா?

இப்படியே போயிருந்தால் ஒன்றுமில்லை. ஆனால் வருஷாவருஷம் நடக்கிற பெரிய பந்தயத்துக்குப் பேர் கொடுத்தார்கள். அதில் ஒரு வண்டிக்கு ஒரே ஆள், ஒரே ஓட்டம். யார் ஓட்டுவது? யாருக்கு நேரம் குறைச்சலோ அவர் ஓட்டட்டும் என்று முடிவானது. சொன்னவரும் பெரிய மாப்பிள்ளைதான். தோற்கிற பழக்கமே இல்லாத ஆள்போல அன்றைக்குச் சொல்லிவிட்டார்.

சொன்ன நாள் முதல் தூக்கம் போயிற்று. சின்னவன் ஒல்லி, தான் கனம், அதனால்தான் என்று இரவுச் சோற்றைப் பாதியாக்கிப் பார்த்தார். வயிறு கத்தியதே தவிர வண்டி கத்தவில்லை. மேலே மாடியில் சின்னவன் சிரிக்கிற சத்தம் கேட்டால் என்னைப் பற்றித்தான் என்று படுத்திருந்தார். சொந்த மகளே ஒருநாள் சாப்பிடும்போது, "சித்தப்பா ஓட்டினா வண்டி கத்துதுப்பா. நீங்க ஓட்டினா இருமுது" என்றாள். அவளைத் திட்ட வாய் வரவில்லை. அவருக்கும் அப்படித்தான் கேட்டது. கான்கிரீட் ரோட்டில் அவர் காலால் எவ்வளவு அழுத்தினாலும் வண்டி மரியாதையாகப் போகும். அதே வண்டி, அதே எண்ணெய், சின்னவன் உட்கார்ந்ததும் வாலில் நெருப்பு வைத்தது மாதிரிப் பறக்கும். கட்டின பெண்டாட்டி அடுத்தவனைப் பார்த்துச் சிரித்தால்கூட இப்படி எரியாது என்று அவருக்குத் தோன்றியது. தன் கையால் ஒட்டவைத்த வண்டி அல்லவா.

சின்னவனே ஒருமுறை வந்து, "முதல் ஓட்டத்துல வண்டிக்கு என்னவோ ஒரு தயக்கம் இருக்குண்ணே. ஒரு தடவை நீங்க ரெண்டாவதா போய்ப் பாருங்களேன்" என்றான்.

"எனக்குப் பிச்சை போடுறியா தம்பி?"

அவன் முகம் சுருங்கிப் போனது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பொறாமைக்குக் கண் இல்லை என்பார்கள். உண்மையில் அதற்கு இருக்கிற கண் வேறு எதற்கும் இல்லை. பெரிய மாப்பிள்ளைக்கு ஒரு சந்தேகம் விழுந்தது. தன் ஓட்டத்துக்கும் அவன் ஓட்டத்துக்கும் நடுவில், தான் தலைக்கவசத்தைக் கழற்றித் தண்ணீர் குடிக்கிற நேரத்தில், அந்தப் பயல் டேங்கில் எதையோ ஊற்றுகிறான்.

கலவை சரியா என்று பார்க்க அவர்களிடம் ஒரு கண்ணாடிக் குழாய் இருந்தது. அடிக்கோடு வரை தண்ணீர், மேல்கோடு வரை எண்ணெய் விட்டு, மூடிக் குலுக்கி நிறுத்தி வைக்கவேண்டும். எத்தனாலுக்குத் தண்ணீரைக் கண்டால் போதும், புது மாப்பிள்ளை மாமியார் வீட்டோடு சேர்ந்துகொள்கிற மாதிரி, கூட வந்த பெட்ரோலை விட்டுவிட்டு அதோடு போய்விடும். பெட்ரோல் தனியாக மேலே நிற்கும். நடுவில் விழுகிற கோடு எவ்வளவு ஏறியிருக்கிறதோ அவ்வளவு எத்தனால்.

அடுத்த ஞாயிறு, கசிவு பார்க்கிறேன் என்று சொல்லி இன்ஜின் பக்கத்து ஹோஸைத் தளர்த்தி, தன் ஓட்டத்துக்கு முன்னால் கொஞ்சம் பிடித்து ஒளித்து வைத்தார். ஓட்டம் முடிந்து, தண்ணீர் குடித்துவிட்டு வந்து, சின்னவன் ஏறுவதற்கு முன்னால் இன்னொரு தடவை பிடித்தார். பட்டறைக்குக் கொண்டுபோய்க் குலுக்கினார். முதலாவதில் கோடு அடிமட்டத்திலேயே கிடந்தது. இரண்டாவதில் விறுவிறுவென்று ஏறி நின்றது. அன்று சாயங்காலம் அவர் முழுச் சோறு சாப்பிட்டார். திருடன் அகப்பட்டுவிட்டான். கையும் களவுமாகப் பிடித்து, பெண்டாட்டி கையில் அந்தக் குழாயைக் கொடுத்து, இப்போ படி பார்க்கலாம் என்று சொல்லவேண்டும்.

அதற்கு அடுத்த ஞாயிறு தயாராகப் போனார். கலவையை ஊற்றி டேங்கைப் பூட்டிச் சாவியைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். தன் ஓட்டம் முடிந்ததும் நேராக வந்து, மீதிக் கேனின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். மைத்துனி பார்த்துவிட்டு, "மாமா என்ன, முட்டை அடைகாக்கிறீங்களா?" என்றாள். அவர் எழுந்திருக்கவில்லை. சின்னவன் வண்டிக்குப் பின்பக்கமே போகவில்லை. கையுறையை மாட்டிக்கொண்டு நின்றான். ஹோஸில் பிடித்துப் பார்த்தார். கோடு மறுபடியும் ஏறித்தான் நின்றது.

யாரும் ஊற்றவில்லை. அப்படியானால் யார் ஊற்றினார்கள்?

வீட்டுக்கு வந்து, டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இன்ஜினிலிருந்து குழாயைக் கண்ணாலேயே பின்னோக்கித் தடவிக்கொண்டு வந்தார். சென்சார், பில்டர், ஹோஸ், பம்பு. கடைசியில் தன் தொட்டி. விரலை மடக்கி அதைத் தட்டினார். டொக்கென்று நிறைந்த சத்தம் வந்தது.

டேங்கை வடித்தார்கள். தொட்டியை யார் வடித்தது? வடிக்க அதில் வழி எங்கே இருக்கிறது? அவர் சட்டப்படி பெட்ரோலில் ஓடிவந்த வண்டியின் தொட்டி நிறையப் பெட்ரோல். முதலில் ஏறுகிறவர் அதைக் குடித்துத் தீர்க்கிறார். சென்சார் பார்க்கிறது, எத்தனால் இல்லை, அழுத்தத்தை இறக்கிவிடுகிறது. அடுத்து ஏறுகிறவனுக்குச் சுத்தமான கலவை. இத்தனை வாரமாகத் தனக்கு இலை போட்டதும் அவர்தான், அதில் மண்ணைப் போட்டதும் அவர்தான்.

இந்த இடத்தில் நல்ல மனுஷன் ஒருவன் மாடிக்கு ஏறிப்போய், தம்பி, சங்கதி இப்படி என்று சொல்லியிருப்பான். பெரிய மாப்பிள்ளை இரண்டு படி ஏறினார். மேலே சின்னவன் சிரிக்கிற சத்தம் கேட்டது. இறங்கிவிட்டார்.

யார் ஓட்டுவது என்று தீர்க்கிற கடைசி ஞாயிறு வந்தது. கலவையை ஊற்றி முடித்ததும் தலைக்கவசத்தை எடுத்துச் சின்னவன் கையில் கொடுத்தார்.

"இன்னிக்கு நீ முதல்ல போ தம்பி."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அன்று வேடிக்கை பார்க்க வந்திருந்த மாமியார், பெரிய மாப்பிள்ளை மனசு யாருக்கு வரும் என்று மகளிடம் சொன்னது அவர் காதில் விழுந்தது. கல்யாணமான நாளிலிருந்து அந்த வாயிலிருந்து அவர் எதிர்பார்த்திருந்த வார்த்தை. அது இப்படியா வரவேண்டும்? சின்னவன் தலைக்கவசத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். "சரிண்ணே" என்றான். அவன் கண் பளபளத்ததைப் பார்க்காமலிருக்க அவர் குனிந்து டயரைப் பார்த்தார்.

வண்டி போனது. சத்தத்திலேயே தெரிந்தது, இருமிக்கொண்டுதான் போனது. கோடியிலிருந்து பெண்டாட்டி படித்தாள். சின்னவனுக்கு வழக்கமாக வருவதைவிட நன்றாகவே அதிகம். பெரியவருக்கு உள்ளே பால் பொங்கியது. அது தன்னுடைய வழக்கமான நேரத்தைவிடக் கொஞ்சம் குறைச்சல் என்பது உறைக்கச் சற்று நேரம் பிடித்தது. உறைத்ததும் தள்ளிவிட்டார். இனி நம் முறை.

ஏறி உட்கார்ந்தார். மைத்துனி துணியை இறக்கினாள். முதல் கியரிலேயே முதுகை யாரோ சுவரோடு வைத்து அழுத்தினார்கள். இரண்டாவதில் டர்போ ஊளையிட்டது. இந்த வண்டியா அது? மூன்றாவது போட்டதும் பின்பக்கம் இடதுபுறமாக ஒரு உதறு உதறியது, ரோட்டோரத்துப் புல் கண்ணாடிக்கு நேராக வந்தது. கால் தானாக எழுந்துவிட்டது. அவர் எடுக்கவில்லை, அது எழுந்துகொண்டது. மறுபடி அழுத்துவதற்குள் சுண்ணாம்புக் கோடு பின்னால் போய்விட்டது.

பெண்டாட்டி கடிகாரத்தைப் பார்த்தாள். முதல் தடவையாக உரக்கப் படிக்கவில்லை. கிட்டே வந்து காட்டினாள். அவர் இதுவரை ஓட்டியதிலேயே மோசமான நேரம் அதுதான்.

சின்னவன் ஓடிவந்தான். "மூணாவது போடும்போது அது அப்படித்தாண்ணே உதறும். காலை மட்டும் எடுத்துடாதீங்க. அதுவே நேராயிடும். இன்னொரு தடவை போங்க, எண்ணெய் இருக்கு."

போனார். மூன்றாவது கியர் வருவதற்கு முன்னாலேயே கால் எழுந்துவிட்டது.

அன்றைக்குத்தான் அவருக்குப் பொறாமை என்றால் என்னவென்று தெரிந்தது. அதுவரை இருந்தது பாதிப் பொறாமை. அவன் ஏதோ திருட்டு வேலை செய்கிறான் என்ற நம்பிக்கை அதில் கலந்திருந்தது, அந்த நம்பிக்கையில் ஒரு சுகம் இருந்தது. இப்போது ஒன்றும் கலக்காத சுத்தமான சரக்கு. இந்த உதறலை அவன் இத்தனை வாரமாகக் காலுக்கடியில் வைத்து ஓட்டியிருக்கிறான். ஓட்டிவிட்டு இறங்கி, ஒன்றும் நடக்காதது மாதிரித் தண்ணீர் குடித்திருக்கிறான்.

பந்தயத்துக்குச் சின்னவன் என்று முடிவாயிற்று. வீட்டில் எல்லோரும் அதைப் பற்றியே பேசினார்கள். பெரியவர் ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். பந்தயத்தில் ஒரே ஓட்டம். அங்கேயும் வண்டி பெட்ரோலில்தான் போகும், அங்கேதான் கலவை ஊற்றுவார்கள். அந்த ஒரே ஓட்டத்தில் வண்டி இருமும். அவர் வாயைத் திறக்காமலிருந்தால் போதும். கையைக்கூட அசைக்கவேண்டாம். இவ்வளவு வேகமாக ஓட்டுகிறவன் ஊரார் முன்னால் இருமிக்கொண்டு போய்ச் சேருவான். நினைக்க இனிப்பாகத்தான் இருந்தது. மூன்று நாள் அதைச் சப்பிக்கொண்டே வேலைக்குப் போய்வந்தார். ஆனால் இருமப்போவது வண்டியும் அல்லவா? யார் பற்ற வைத்த வண்டி என்று அங்கே யாராவது கேட்கமாட்டார்களா?

நாலாம் நாள் தொட்டியைக் கழற்றினார். எண்ணெய் வாடை இருக்கிற பாத்திரத்தில் நெருப்பைக் காட்டினால் பட்டறை இருக்காது. சோப்புத் தண்ணீர் விட்டுத் திரும்பத் திரும்பக் கழுவி, வாடை போக வெயிலில் போட்டு, பிறகு கவிழ்த்துத் தண்ணீர் நிரப்பி, அடியில் துளை போட்டார். துளைக்கருவி இரும்புக்குள் இறங்கும்போது அவருக்குப் பல் கூசியது. ஒரு நட்டைச் சுற்றிலும் பற்ற வைத்து, அதில் மரை போட்ட மூடியைத் திருகினார். ஈரம் ஒரு பொட்டு இல்லாமல் காயவைத்தார். சாப்பாடு கொண்டுவந்த பெண்டாட்டி பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஓட்டையே இல்லாமச் செஞ்சேன்னு ஊரெல்லாம் சொன்னீங்க."

"இப்ப வேணும்."

"அப்பவே வேணும்னு தம்பி சொன்னாரே."

"சோத்தை வெச்சுட்டுப் போறியா?"

சாயங்காலம் சின்னவனைக் கூப்பிட்டு, தொட்டியை வண்டியில் மாட்டினார். பெட்ரோல் ஊற்றி நிரப்பினார். அடியில் தட்டை வைத்து மூடியைத் திருகினார். பெட்ரோல் குபுகுபுவென்று தட்டில் விழுந்தது.

"அங்க போனதும் டேங்கை மட்டும் வடிக்காத. இதையும் வடி. அப்புறம் கலவையை ஊத்து."

"இது எதுக்குண்ணே?"

அவர் சொன்னார். நடந்ததைச் சொல்லவில்லை, தொட்டியைப் பற்றி மட்டும் சொன்னார். சின்னவன் தட்டில் விழுகிற பெட்ரோலைப் பார்த்துக்கொண்டே கேட்டான். முதலில் தலையாட்டினான். பிறகு, "அப்ப நீங்க இத்தனை வாரமும் வெறும் பெட்ரோல்லயா ஓட்டினீங்க?" என்று சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

"அப்ப கடைசி ஞாயிறு, என்னை முதல்ல போகச் சொன்னீங்களே..."

பெரியவர் தட்டை நகர்த்தி வைத்தார். கடைசிச் சொட்டும் விழுந்து முடிந்தது.

"தெரிஞ்சுதானே சொன்னீங்க, சகலை?"

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவன் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவான். சகலை என்பது சரியான முறைதான், அதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் அவருக்கு யாரோ நாற்காலியை இழுத்துவிட்ட மாதிரி இருந்தது.

"தெரிஞ்சுதான்" என்றார்.

சின்னவன் எழுந்து போய்விடுவான், மேலே போய்ச் சொல்வான், மாமியார் தன் வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்வாள் என்று காத்திருந்தார். அவன் போகவில்லை. கொஞ்ச நேரம் மூடியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தான். பிறகு குனிந்து அதைத் துளையில் வைத்துத் திருக ஆரம்பித்தான். திட்டினால் திருப்பித் திட்டலாம். அவன் திட்டவில்லை. அதற்கும் ஒரு தெம்பு வேண்டும், அதுவும் இவனிடம் இருக்கிறது என்று பெரிய மாப்பிள்ளைக்கு நெஞ்சு காந்தியது.

சின்னவன் ஸ்பேனரை எடுத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினான். கோபம் முழுவதும் அந்தக் கையில்தான் இருந்தது.

"அவ்வளவு முறுக்காத" என்று பெரியவர் ஸ்பேனரை வாங்கினார். "மரை போயிடும்."